இன்னும் ஒருத்தர் வரோணும்

மரியாதையால் ஒருவரை அடித்துக் கீழே தள்ள முடியும் என்று எனக்குத் தெரிந்தது என்னுடைய நாற்பத்தாறாவது வயதில், ஒரு திங்கட்கிழமை காலை, டீக்கடை வாசலில்.

சிங்காநல்லூர்க் குளக்கரையில் மண்பாதை முடிந்து தார்ரோடு ஆரம்பிக்கிற இடத்தில் அந்தக் கடை. முன்னால் ஒரு பெஞ்சு. பெஞ்சின்மேல் வரிசையாக ஏழு கண்ணாடி டம்ளர்கள், ஏழும் காலி. சுற்றிலும் வேர்த்து ஒழுகும் ஐந்து பேர். அவர்களுக்கு நடுவில் இடுப்பில் கைவைத்து, பாதையின் வளைவையே பார்த்துக்கொண்டு அவர். மற்றவர்கள் ஓடி முடித்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது. இருபது நிமிஷமாக ஒருத்தருக்கும் டீ இல்லை. மாஸ்டர் பாய்லர் பக்கம் கையைக் கொண்டுபோகும்போதெல்லாம், "இன்னும் ஒருத்தர் வரோணுமுங்க" என்று அவர் தடுத்து வைத்திருந்தாராம்.

அந்த ஒருத்தர் நான்.

வளைவில் என் தலை தெரிந்ததும் அவர் குரல் வந்தது. பந்தலுக்கு வந்த சம்பந்தியை வரவேற்கிற குரல். "பொறுமையா வாங்க சாமி! ஒண்ணும் அவசரமில்லீங்க! எல்லாரும் இங்கயேதான் நிக்கறமுங்க!"

ஆறு பேர் பார்க்கிறார்கள் என்றதும் எனக்குள் பள்ளிக்கூட நாளிலிருந்து தூங்கிக்கொண்டிருந்த விளையாட்டு வீரன் விழித்துவிட்டான். கடைசி ஐம்பதடியை ஓடிக் கடக்கலாம் என்று முழங்காலைத் தூக்கினேன்.

"ஓடறமாதிரி நடிக்க வேண்டாமுங்க சாமி. நடந்தே வாங்க. நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டம்."

நடந்தே போனேன். ஏழு டம்ளரிலும் டீ விழுந்தது. முதல் டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்தார். மற்றவர்கள் நான் ஒரு வாய் குடிக்கிறவரை தங்கள் டம்ளரைத் தொடவில்லை. அவ்வளவு சூடான டீயை அவ்வளவு வேகமாக அதற்குமுன் நான் குடித்ததில்லை.

அவரை அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். ஐம்பத்தெட்டு வயது, ஒல்லி உடம்பு. சுடிதாருக்கு மேல் வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டை, காதை மூடி மப்ளர், வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. பல வருஷம் ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தவர். சாயங்காலம் நேரம் கழித்து வருகிற பெண்களுக்காக கேட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாராம். திட்டவே மாட்டாராம். "வாங்க கண்ணு, உங்களுக்காகத்தான் இன்னும் சாப்பாட்டு மணி அடிக்காம வெச்சிருக்கறமுங்க" என்பாராம். உள்ளே விடுதி முழுக்கத் தட்டோடு உட்கார்ந்திருக்கும். அப்படி வந்த பெண் மறுபடி நேரம் கழித்து வந்ததே கிடையாது என்று பெருமையாகச் சொன்னார். அதில் ஒரு பெண் படிப்பையே விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள் என்பதையும் அதே பெருமையோடு சொன்னார்.

இந்தக் காத்திருப்புக்கு அவர் கைவசம் ஒரு சட்டம் வைத்திருந்தார். "பந்தில ஒக்காந்தா, கடைசி ஆள் எலைய மடிக்கற வரைக்கும் எந்திரிக்கலாமுங்களா? மரியாதைன்னு ஒண்ணு இருக்குதுங்களே." கல்யாண வீட்டில் சாப்பிடுகிற சட்டத்தைக் கொண்டுவந்து குளக்கரை ஓட்டத்தின் தலையில் கட்டிவிட்டார். யாரால் மறுக்க முடியும்? உனக்காக ஒருத்தி டீ குடிக்காமல் நிற்கிறாள். அவளிடம் போய் எனக்காக நிற்காதே என்று சொல்ல எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வாய் வராது.

நான் அவரிடம் மாட்டியது செருப்பால். ஒரே வீதியில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தோம். மோட்டார் பம்ப்செட்டோடு பெட்டிக்குள் வைத்து அனுப்புகிற உபயோகக் குறிப்புப் புத்தகத்தை எழுதுவது என் உத்தியோகம். நாட்டில் மிக அதிகமாக அச்சாகி, பிரிக்கப்படாமலே எறியப்படுகிற இலக்கியம் அது. உட்கார்ந்தே எழுதியதில் உடம்பு நாற்காலியின் வடிவத்துக்கு வந்திருந்தது. ஸ்கேன் பார்த்த டாக்டர், ஈரலில் கொழுப்பு என்று சொல்லும்போது நல்ல நெய்யைப் பார்த்தவர்போல் முகம் மலர்ந்தார். அந்த வாரம் பால் வாங்கப் போய்க்கொண்டிருந்தவனை அக்கா கேட்டுக்குள்ளிருந்தே நிறுத்தினார்.

"ஏனுங்க சாமி, உங்க செருப்புச் சத்தம் மாறிப்போச்சுங்களே."

"செருப்பு பழசுதானுங்கக்கா."

"செருப்பு பழசுதானுங்க. காலுதான் மாறிப்போச்சு. முன்னெல்லாம் ரெண்டு காலும் தனித்தனியாக் கேக்கும். இப்பத் தேச்சுக்கிட்டே வருது. கேட்டுல ஒக்காந்து ஒக்காந்து எனக்கு ஆளப் பாக்கவே வேண்டாமுங்க, கால் சத்தமே போதும். நாளைக்கு குளத்துக்கு வாங்க."

போனேன். அந்த முதல் திங்கட்கிழமைக்குப் பிறகு ஏன் தொடர்ந்து போனேன் என்றால், போகாமல் இருக்கத் தைரியமில்லை. போகாத நாளில் காலை ஏழு மணிக்கு அவர் என் வீட்டு வாசலில் நின்று என் மனைவியிடம், "சாருக்கு ஒடம்பு சரியில்லீங்களா? இல்ல, டீய எறக்காம வெச்சிருக்கறம், அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்பார். என் மனைவி உள்ளே வந்து போர்வையை உருவுவாள்.

இரண்டாவது மாதம் ஒரு ஓட்டக் கைக்கடிகாரம் வாங்கிக் கட்டிக்கொண்டு போனேன். தூரம், வேகம், நாடி எல்லாம் சொல்லும். அக்கா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "நல்லாருக்குதுங்க. இதக் கழட்டி என்ற கையில குடுங்க. இது மட்டுமாவது நேரத்துக்கு வந்து சேரட்டும்."

எனக்குமுன் கடைசி இடத்தில் இருந்தவர் ஒரு கிரைண்டர் கம்பெனிக்காரர். பூர்வீகம் கோபிப் பக்கம். வீட்டுக்கு வீடு மாவு அரைக்கும் கிரைண்டர் செய்து வசதியானவர், வயிறும் வசதியானது. நான் வந்ததும் கடைசிக்கு முந்தின இடத்துக்கு உயர்ந்தார். அந்தச் சந்தோஷத்தில் பேராசை வந்து, ஒரு நாள் குளத்தை முழுக்கச் சுற்றாமல் பாதி வழியில் திரும்பி, புதருக்குப் பின்னால் சற்று நேரம் நின்றுவிட்டு, முதல் ஆளாக டீக்கடைக்கு வந்துவிட்டார். அக்கா பார்த்துவிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் எல்லோரும் கூடியதும், "மாஸ்டர், நேத்து ஜெயிச்சவிய இவியதானுங்க. மொத டீ இவியளுக்கு ஊத்துங்க" என்றார். அதற்கு அடுத்த நாளும் அதையே சொன்னார். ஒரு வாரம். கோட்டைமேட்டிலிருந்து வண்டியில் வந்து எங்களோடு ஓடுகிற பிளைவுட் கடை பாய் நல்ல மனுஷன். அவர்தான் தாங்கமாட்டாமல், "விடுங்கக்கா, பாவம்" என்றார்.

"பாவம்னு எதுக்குங்க பாய் சொல்றீங்க? மரியாதை பண்றதுக்குப் பாவமுங்களா?"

கிரைண்டர்க்காரர் எட்டாவது நாளிலிருந்து வரவில்லை. அவருடைய டம்ளர் எடுக்கப்பட்டது. ஆறு டம்ளர் ஆனது.

இப்படிப்பட்ட பயத்தில் ஓடிய ஓட்டம் எப்போது பிடித்துப்போனது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நாலாவது மாதமாக இருக்கலாம். குளத்தில் கூழைக்கடாக்கள் வந்திறங்கியிருந்த நேரம். ஆகாயத்தாமரையும் சேறும் கலந்த ஒரு வாசனை கரையில் எப்போதும் இருக்கும், அது மூக்குக்குப் பழகியிருந்தது. முதல் கிலோமீட்டரில் வழக்கம்போல எல்லாக் கடவுளையும் கூப்பிட்டேன். இரண்டாவதில் மூச்சு தானாக ஒரு தாளத்துக்கு வந்து உட்கார்ந்தது. கால் தன்னால் விழுகிறது, தன்னால் எழுகிறது, நான் மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறேன். ஏதோ ஒரு பம்ப்செட் குறிப்பில் நானே எழுதிய வரி ஞாபகம் வந்தது: 'காற்று வெளியேறியபின் நீர் சீராக வரும், அதுவரை பொறுக்கவும்.' என் வாழ்க்கையில் அதைப் படித்துப் பயனடைந்த ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். அதிகாலை அலாரம் அடிக்குமுன் விழிப்பு வர ஆரம்பித்தது. மழையில் போகமுடியாத நாளில் பகல் முழுக்க யாரோடாவது சண்டை போட்டேன்.

அக்கா கண்டுபிடித்துவிட்டார். "இப்ப மூஞ்சி நல்லாருக்குதுங்க சாமி. முன்ன பிரசவத்துக்குப் போறமாதிரி இருந்துச்சு."

அன்று சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை. அவரிடமிருந்து வந்த ஒரே பாராட்டு. அதிலும் ஒரு பிரசவம்.

ஆனாலும் நான்தான் கடைசி. அதிலிருந்து என்னை மீட்க, சத்தியமங்கலத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு கல்லூரி வாத்தியார் சேர்ந்தார். ஐம்பது வயது, என்னைவிட இருபது கிலோ கூடுதல். அவர் வந்த முதல் நாள் நான் வாழ்க்கையில் முதல்முறையாகப் பெஞ்சுக்கு முன்னால் நின்று வளைவைப் பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் பாதை எவ்வளவு அழகாக இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. வாத்தியாரின் தலை தெரிந்ததும் அக்கா வாயைத் திறக்குமுன் என் வாய் திறந்துகொண்டது.

"பொறுமையா வாங்க சார்! ஒண்ணும் அவசரமில்லீங்க!"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நன்றாகப் பாடம் ஒப்பித்த பெண்ணை வார்டன் பார்க்கிற பார்வை. எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. இந்த இடத்தில், அடுத்தவனின் அவமானத்தில் இன்பம் கண்டோமே என்று நான் வருந்தியதாக எழுதினால் நன்றாக இருக்கும். வருந்தவில்லை. வாத்தியார் பதினோரு நாள் தாக்குப்பிடித்தார். பன்னிரண்டாம் நாள் முட்டி வலி என்று வாட்ஸப்பில் எழுதிவிட்டுக் குழுவிலிருந்தே வெளியேறினார். எனக்கு உண்மையான துக்கம் அப்போதுதான் வந்தது. மறுபடி நான் கடைசி.

பிறகு பாயை முந்தினேன், மற்றவர்களை முந்தினேன். ஒன்றரை வருஷத்தில் அக்காவுக்கு ஐம்பதடி பின்னால் ஓடுகிற இடத்துக்கு வந்துவிட்டேன். அங்கே ஓடும்போதுதான் அதைக் கேட்டேன்.

அவருடைய இடது ஷூ மண்ணில் சரியாக விழுந்தது. வலது ஷூ விழவில்லை, தேய்ந்தது. சரக், டப். சரக், டப்.

முதல் நாள் கல் மாட்டியிருக்கும் என்று நினைத்தேன். ஒரு வாரம் கேட்டேன். பாதையில் அவர் கால் ஒரு கோடு இழுத்துக்கொண்டே போனது. பாய்க்கு அது கேட்கவில்லை, வேறு யாருக்கும் கேட்கவில்லை. கால் சத்தம் கேட்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். பக்கத்தில் போய், 'அக்கா, கால் தேயுதுங்களே, டாக்டரப் பாருங்க' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு நாள் அவரைத் தாண்டி ஓடினேன். தாண்டும்போது, "போய்ட்டே இருங்க சாமி" என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு. அன்றைய ஓட்டம்போல் நான் ஓடியதில்லை. குளம் மொத்தமும் என் காலடியில் உருண்டது.

நாலு மாதத்தில் அவர் கடைசி ஆள் ஆனார்.

நாங்கள் காத்திருந்தோம். வேறென்ன செய்வது? அது அவருடைய சட்டம். அவர் வருமுன் நாங்கள் டீ குடித்தால் அவரை ஒதுக்கியமாதிரி ஆகிவிடும். குடிக்காமல் நின்றால் என்ன ஆகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஆளுக்கொரு தடவையாவது அதை அனுபவித்தவர்கள். ஒன்பது நாள் அப்படி நின்றோம். காலி டம்ளர்கள், நாங்கள், வளைவு. அவர் வந்ததும் டீ ஊற்றப்படும். டம்ளரை வாங்கும்போது வலது கை நடுங்கி சட்டைக்கையில் கொஞ்சம் சிந்தும். "டீ நல்லாருக்குதுங்க மாஸ்டர்" என்பார்.

பத்தாம் நாள், வளைவில் தென்பட்ட உடனே அவர் கையைத் தூக்கினார். அந்தத் தூரத்திலிருந்தே சொன்னார்: "நீங்க குடிச்சுப்போடுங்க. எனக்கு நேரமாகுமுங்க."

அவர் தனக்காக யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதுதான் முதல் தடவை. பாய் உடனே டம்ளரை எடுத்து மாஸ்டரிடம் நீட்டிவிட்டார். மாஸ்டரும் பாய்லரைத் திருகப்போனார். இன்னும் இரண்டு விநாடி நான் சும்மா இருந்திருந்தால் போதும்.

"அதெப்படிங்கக்கா?" என்றேன். என் குரல் எனக்கே இனிமையாகக் கேட்டது. "இன்னும் ஒருத்தர் வரோணுமுங்களே. பொறுமையா வாங்க. எல்லாரும் இங்கயேதான் நிக்கறமுங்க."

பாய் டம்ளரைத் திரும்ப பெஞ்சில் வைத்தார். வைத்த சத்தம் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை.

அக்கா ஒரு கணம் நின்றார். பிறகு கடைசி ஐம்பதடிக்கு முழங்காலைத் தூக்கி ஓட ஆரம்பித்தார். வலது கால் தூக்கவே வரவில்லை. ஓடறமாதிரி நடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டதை வீட்டுக்குப் போகிறவரை என்னுடைய பெருந்தன்மை என்று எண்ணிக்கொண்டே போனேன்.

மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. நரம்பில் ஏதோ கோளாறு, மாத்திரை சாப்பிடுகிறார், திருப்பூரில் மகள் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள் என்று என் மனைவி சொன்னாள். நான் போய்ப் பார்க்கவில்லை. அவர் என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றதுபோல் நான் அவர் வாசலில் நிற்கவில்லை. ஒரு வாரத்தில் காத்திருக்கிற வழக்கமும் நின்றுபோனது. யாரும் எதுவும் பேசிவைக்கவில்லை. பாய் முதலில் வந்தார், டீ வாங்கிக் குடித்தார், போய்விட்டார். அவ்வளவுதான்.

போன தை மாதம் அந்தக் கிரைண்டர்க்காரரின் மகளுக்குக் கோபிசெட்டிபாளையத்தில் கல்யாணம். டீக்கடையில் நின்ற அத்தனை பேருக்கும் நேரில் வந்து பத்திரிகை வைத்திருந்தார். மனுஷன் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மதியப் பந்தியில் உட்கார்ந்தபின் நிமிர்ந்தால், எனக்கு எதிர் வரிசையில் அக்கா. மப்ளர் இல்லை, பட்டுச்சேலை. இன்னும் ஒல்லியாகியிருந்தார். "நல்லாருக்கறீங்களா சாமி? இன்னும் ஓடறீங்களா?" என்றார். ஓடுகிறேன் என்றேன். "மூஞ்சியிலயே தெரியுதுங்க" என்றார்.

இப்போது பல மண்டபங்களில் சாப்பிட்டவுடன் அவரவர் எழுந்து போய்விடுகிறார்கள். எங்கள் இரண்டு வரிசையிலும் வயதானவர்கள் நிறைய. அவர்கள் எழவில்லை, அதனால் யாரும் எழவில்லை. ஒவ்வொரு இலையாக மடிந்துகொண்டே வந்தது. அக்கா சோற்றை அள்ளுவார், வாய்க்குப் போவதற்குள் பாதி இலையிலேயே உதிரும். மறுபடி அள்ளுவார். அடுத்த பந்திக்காரர்கள் வந்து எங்கள் நாற்காலிகளின் முதுகைப் பிடித்து நின்றுவிட்டார்கள். கிரைண்டர்க்காரர் அக்காவுக்குப் பின்னால் வந்து குனிந்து, "அக்கா, பொறுமையாச் சாப்பிடுங்க" என்றார். அவர் மறக்கவில்லை.

இரண்டு வரிசையிலும் இலைகள் மடிந்துவிட்டன. திறந்திருந்தவை இரண்டு. அக்காவுடையது, என்னுடையது. என்னுடையதில் ஒன்றும் இல்லை, மடிக்கவேண்டியதுதான் பாக்கி. கையை இலைமேல் வைத்தேன். வைத்த இடத்தில் டீக்கடையின் அந்த இரண்டு விநாடி ஞாபகம் வந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அவர் தனி ஆளாகக் கடைசியில் இருக்கவேண்டியதில்லை. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டேன். "தம்பி, இன்னுங்கொஞ்சம் சோறு போடுங்க. ரசமும்."

கரண்டி நிறையப் போட்டார். கொதிக்கிற ரசத்தை மேலே ஊற்றினார். எனக்குப் பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டது என் பிடரியில் பட்டது.

அக்கா நிமிர்ந்து என் இலையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நடிக்க வேண்டாமுங்க சாமி" என்றார்.

பாதிச் சோறு அப்படியே இருக்க, நடுங்குகிற கையால் தன் இலையை மெதுவாக மடித்தார். ஒரு தடவையில் வரவில்லை. இடது கையையும் கொடுத்து மடித்து, ஓரத்தை நீவிவிட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, குளக்கரை வளைவைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்க்க ஆரம்பித்தார். பந்தி மொத்தமும் அவரோடு சேர்ந்து பார்த்தது.

"பொறுமையாச் சாப்பிடுங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க. எல்லாரும் இங்கயேதான் ஒக்காந்திருக்கறமுங்க."

நான் குனிந்து சாப்பிட ஆரம்பித்தேன். ரசம் நல்ல கொதி. ஊதுவதற்கு நேரமில்லை.